குறுமேசை செய்யும் வகை

(ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்குக் கைத்தொழிற் பாடம்)

பெருங்காற்று அடித்து ஓய்ந்தபின் கிராமத்திற்கு முதலில் வந்து சேர்பவர் பெரும்பாலும் விறகு வியாபாரியே. தோப்பிற்குரியவர் விழுந்து கிடக்கும் பலாவையும் வேம்பையும் பார்த்து மனங்கலங்கி நிற்கும் அவ்வேளையில், நிலம் காலியானாற் போதும் என்னும் எண்ணத்தால், தம் தந்தையார் நட்ட மரத்தை விறகு விலைக்கே விட்டுவிடுகிறார். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி கடலூர்ப் பக்கத்தில் கரையேறிய தானே புயலில் பண்ணுருட்டிப் பலாத் தோப்புகள் விழுந்தன. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி வேதாரணியத்தருகே கரையேறிய கஜா புயலில் நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை ஜில்லாக்களில் தென்னையும் மாவும் பலாவும் தேக்கும் சாய்ந்தன. அவ்விரண்டு சமயங்களிலும் பலகைக்குத் தகுந்த மரங்கள் பல சொற்ப விலைக்குப் போயின.

சில மாதங்கள் கழித்து அதே குடும்பத்தில் ஒரு விசேஷம் வருகிறது. வரும் விருந்தினருக்குக் காப்பித் தம்ளரும் டவராவும் வைக்க ஒரு சிறுமேசை வேண்டுமென்று கடையில் தவணைக்கு வாங்குகிறார்கள். விலை மலிவான அத்தகைய மேசை பெரும்பாலும் மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகையாகவே இருக்கிறது. தண்ணீர் ஊறினால் அது உப்பி உதிரும். தன் மரத்தை விறகு விலைக்கு விற்றுப் பிறருடைய மரத்தூளைக் கடனுக்கு வாங்குவது குடித்தனத்திற்கு எவ்வளவு நஷ்டம் என்பதை அங்கத்தினர்கள் யோசித்துப் பார்க்கவேண்டும். ரயத்துக்களைக் கடன்சுமையினின்று காக்கும்பொருட்டு 1904-ஆம் ஆண்டில் ஐக்கிய நாணய சங்கச் சட்டம் இயற்றப்பெற்றது. அவ்வாண்டிலேயே அக்காலத்துச் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் ஒரு கிராமச் சங்கம் தொடங்கிற்று. கடன் கொடுப்பது மட்டுமன்று, வேண்டாத கடன் வராமற் காப்பதும் சங்கங்களின் கருத்தேயாம்.

இப்பாடத்தில், வீட்டிலுள்ளோர் தாமே செய்துகொள்ளக்கூடிய குறுமேசை ஒன்றின் செய்முறை கூறப்படும். அதற்கு முன் மனத்தில் நிறுத்தவேண்டிய விதி ஒன்று உண்டு. மரத்தை அறுப்பதில் விரைவு வேண்டும்; அறுத்த மரத்தைச் சாமானாகச் செய்வதில் பொறுமை வேண்டும். நம்மிற் பலர் இதற்கு நேர்மாறாக நடக்கிறோம். விழுந்த மரத்தை மாதக்கணக்கில் மண்ணில் கிடத்திவிட்டு, பின்பு ஒரே வாரத்தில் அறுத்து, ஆணி அடித்து, வீட்டிற்குள் கொண்டுவருகிறோம்.

இதை எழுதுவோனும் அப்பிழையைச் செய்தவனே. வீட்டு வேம்பு ஒன்று சாய்ந்தபோது, பலகை அறுத்த இருபதாம் நாள் மேசை செய்து, குறுக்குச் சட்டங்களோடு பலகையை நீண்ட ஆணிகளால் இறுக்கிவிட்டேன். தை மாதத்தில் அழகாயிருந்த அம்மேசை பங்குனியில் நள்ளிரவில் வெடியோசையோடு பிளந்தது. பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரையில் விரிசல் ஓடியிருந்தது. மரத்தில் ஒரு குற்றமும் இல்லை. ஈரமரத்திற்கு உரிய காலத்தைக் கொடாததே குற்றம்.

எந்த மரம் தகுதியானது

பலா: இதன் வைரம் மஞ்சள் நிறமாயிருந்து நாளடைவில் பழுப்பேறும். இழைப்பதற்கு இசைவானது, கரையான் எளிதில் தொடாது. தஞ்சாவூர் வீணை இம்மரத்தினாற் செய்யப்படுவதே இதன் தன்மைக்குச் சான்று. மேசைப் பலகைக்கு மிக ஏற்றது.

வேம்பு: உறுதியும் பூச்சி எதிர்ப்பும் உடையது. இதன் நார் ஒன்றுக்கொன்று எதிராகப் பின்னியிருப்பதால் மழுங்கிய இழைப்புளி இதனைப் பிய்த்துவிடும். கூரிய கருவி வேண்டும்.

பூவரசு: வழவழப்பும் கெட்டியும் உள்ளது. அகன்ற பலகை கிடைப்பது அரிது. ஆகையால் சட்டத்திற்கும் காலுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

வாகை: நல்ல பழுப்பு நிற வைரம் உடையது. இதன் தூள் தும்மலையும் மூக்கெரிச்சலையும் உண்டாக்குமாதலால், இழைக்கும்போது வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொள்ளவேண்டும்.

மா: எளிதில் அறுபடும்; எளிதில் உளுத்தும் போகும். இதனைப் பயன்படுத்துவோர், பலகை பச்சையாயிருக்கும்போதே 100 லிட்டர் தண்ணீரில் 3 கிலோ வெங்காரமும் 2 கிலோ போரிக் அமிலமும் கரைத்த நீரில் முழுக்கி எடுத்து, சில நாட்கள் மூடிவைத்துப் பின்பு உலர்த்துவது நன்று. அந்நீரைக் குழந்தைகளும் ஆடுமாடுகளும் அணுகாமற் பார்த்துக்கொள்க.

சீமைக்கருவேல்: வயல்களிலிருந்து களைந்து கரியாகச் சுடப்படும் இம்மரம் கடினமானது, உலரும்போது மிகக் குறைவாகவே சுருங்குவது. நேரான கிளை அகப்பட்டால் மேசைக் கால்களுக்கு இதனினும் மலிவான சரக்கு இல்லை.

தென்னையில் வெளிப்புறம் மட்டுமே கெட்டி, நடுப்பாகம் மென்மையானது. முதன்முதலாகத் தொழில் பழகுவோர் அதனை விட்டுவிடுக.

எம்மரமாயினும் நடுவிலுள்ள கருநிற வைரத்தையே கொள்ளவேண்டும். அதனைச் சூழ்ந்துள்ள வெளிறிய பாகத்தில் மாச்சத்து இருப்பதால், உளுக்கும் வண்டு முட்டையிடுவது அவ்விடத்திலேதான். காலையில் மேசையின்கீழ் மாவு கொட்டியது போல் தூள் காணப்படுமாயின் அது அவ்வண்டின் வேலையே.

ஓர் எச்சரிக்கை. ஏரிக்கரை, சாலையோரம், புறம்போக்கு ஆகிய இடங்களிலுள்ள மரம் காற்றில் விழுந்திருந்தாலும் அநுமதியின்றித் தொடலாகாது. சந்தனம், ஈட்டி, தேக்கு போன்றவை சொந்தப் பட்டா நிலத்தில் நின்றாலும், வெட்டுவதற்கும் வண்டியேற்றுவதற்கும் முன் வன இலாகாவினரை விசாரித்துக்கொள்ளவேண்டும்.

மரத்தை அளக்கும் கணக்கு

மரத்தை விற்பவரானாலும் அறுக்கக் கொடுப்பவரானாலும் கன அடிக் கணக்கை அறிந்திருப்பது அவசியம். உருண்டை மரத்திற்கு வியாபாரிகள் வழங்கும் கணக்கு இது: அடிமரத்தின் நடுப்பாகத்தில் கயிற்றைச் சுற்றிச் சுற்றளவை எடுக்கவும், அதில் நாலில் ஒரு பங்கை அதனாலேயே பெருக்கி, வந்ததை நீளத்தாற் பெருக்கவும்.

உதாரணமாக, சுற்றளவு நாலரை அடி, நீளம் மூன்றரை அடி. நாலரையில் நாலில் ஒரு பங்கு 1.125 அடி. அதை அதனாலேயே பெருக்க ஏறக்குறைய 1.27. அதனை மூன்றரையாற் பெருக்க ஏறக்குறைய 4.4 கன அடி.

ஆயின் அம்மரத்தில் உண்மையாக உள்ளது 5.6 கன அடியாம். இக்கணக்கு எப்போதும் உண்மையளவில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே குறைத்துக் காட்டும். பட்டையும் பக்கத்துண்டும் கழிவதற்காக விட்ட தள்ளுபடி அது. இதை அறியாதவர், பட்டைக்கென்று மறுபடியும் ஒரு தள்ளுபடி கேட்கப்படும்போது சம்மதித்து இருமுறை நஷ்டமடைகிறார்.

நாம் செய்யப்போகும் மேசைக்கு வேண்டிய மரம் முழுவதும் ஒரு கன அடிக்கும் குறைவு. அறுவையில் பாதி கழிந்ததாக வைத்துக்கொண்டாலும், மேற்சொன்ன துண்டு இரண்டு மேசைகளுக்குப் போதும்.

அறுத்தலும் உலர்த்துதலும்

விழுந்த மரத்தை, கூடுமானால் சில வாரங்களுக்குள், மர அறுவை ஆலைக்கு எடுத்துச்சென்று பலகையாக்கவேண்டும். பட்டையோடு மண்ணில் கிடந்தால் வண்டும் பூஞ்சணமும் உட்புகும். முனைகள் வெயிலில் வெடிக்கும். உடனே எடுத்துச்செல்ல இயலாதவர் பட்டையை உரித்து, இரு முனைகளிலும் சாணமும் களிமண்ணும் குழைத்துக் கனமாகப் பூசி, கட்டைகளின்மேல் நிழலில் ஏற்றிவைக்கவேண்டும்.

மேசையின் பலகை ஒன்றேகால் அங்குலக் கனத்தில் முடியவேண்டுமாதலால், ஒன்றரை அங்குலமாக அறுக்கச் சொல்லுக. அடிமரத்தின் நட்ட நடுப்புள்ளி பலகைக்குள் அகப்படலாகாது. அது உள்ள பலகை எவ்வளவு காத்திருந்தாலும் அவ்விடத்திலே பிளக்கும்.

அறுத்த பலகைகளைச் சுவரிற் சாய்த்துவைப்பது தவறு, வளைந்து போகும். மாட்டுக்கொட்டகையின் ஒரு புறமோ, காற்றோட்டமுள்ள தாழ்வாரமோ தகுந்த இடம். தரையினின்று ஓரடி உயரத்தில் கற்களையும் கட்டைகளையும் மட்டமாக வைத்து, அவற்றின்மேல் பலகைகளை அடுக்குக. பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஓரங்குலக் கனமுள்ள குச்சிகளை ஒன்றரை அடி இடைவிட்டு வைக்கவேண்டும். மேலடுக்கின் குச்சி கீழடுக்கின் குச்சிக்கு நேர்மேலாகவே இருக்கவேண்டும். அங்ஙனமில்லையாயின் பாரத்தால் பலகை அலைபோல் வளையும். எல்லாவற்றிற்கும் மேல் நான்கைந்து கற்களைப் பாரமாக வைக்கலாம். வெயிலும் மழையும் படலாகாது. காற்று மட்டும் தடையின்றிப் போய்வர வேண்டும்.

எவ்வளவு காலம் உலர்த்துவது என்று கேட்பவருக்கு, நாட்கணக்கினும் நிறைக்கணக்கே தக்க விடை. பலகையை அறுத்தவுடன் அதன் நடுப்பாகத்திலிருந்து ஓரடித் துண்டு ஒன்றை வெட்டி, அதன் இரு முனைகளையும் மெழுகாலோ வர்ணத்தாலோ மூடி, அடுக்கின் நடுவிலேயே வைக்கவேண்டும். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், சங்கத்துத் தராசில் அதனை நிறுத்து, நிறையை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வருக. முதல் வாரங்களில் நிறை வேகமாகக் குறையும்; போகப்போகக் குறைவு சிறுக்கும். மழையில்லாத நாட்களில் தொடர்ந்து மூன்று வாரம் நிறை மாறாமல் நிற்குமாயின், அம்மரம் அவ்வூர்க் காற்றுக்கு எவ்வளவு உலரக்கூடுமோ அவ்வளவு உலர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். இக்கனமுள்ள பலகைக்குப் பெரும்பாலும் அரை வருஷமேனும் ஆகும். நடுவில் மழைக்காலம் வந்தால் ஒரு வருஷமும் ஆகலாம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை, காத்திருத்தல் மட்டுமே.

மரம் சுருங்கும் விதம்

பச்சை மரத்திலுள்ள நீர் இருவகை. ஒன்று நுண்ணிய குழல்களுக்குள் நிற்பது. மற்றொன்று குழல்களின் சுவரில் ஊறியிருப்பது. முதலிற் கூறியது வெளியேறும்போது நிறை குறையுமேயன்றி அளவு குறையாது. சுவரில் ஊறிய நீர் வெளியேறத் தொடங்கியபின்பே மரம் சுருங்கும். உலர்ந்த மரத்தின் நிறையில் நூற்றுக்கு ஏறக்குறைய 30 பங்கு நீர் உள்ள நிலையே இவ்விரண்டிற்கும் எல்லை.

இனி, சுருக்கம் எல்லாத் திசையிலும் சமமாக நிகழ்வதன்று. நீளத்தில் மரம் சுருங்குவது கணக்கில் வராத அளவே. அகலத்திலோ, ஒன்பது அங்குலப் பலகை பச்சையிலிருந்து உலர்வதற்குள் கால் அங்குலத்திற்கு மேலும் குறையக்கூடும். அது மட்டுமன்று. நன்றாக உலர்ந்த பலகையும் ஐப்பசி கார்த்திகையில் காற்றின் ஈரத்தை ஏற்றுச் சற்று விரியும். சித்திரை வைகாசியில் மறுபடியும் சுருங்கும். ஒன்பது அங்குலப் பலகையில் இவ்வருஷாந்தர மாறுதல் ஏறக்குறைய ஒரு நூல், அஃதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, எனக் கொள்க.

என் வேப்பமேசை பிளந்த காரணம் இப்போது விளங்கும். குறுக்குச் சட்டத்தின் நீளம் மாறவில்லை, பலகையின் அகலம் சுருங்க முயன்றது, ஆணிகள் விடவில்லை, பலகை கிழிந்தது. ஆகையால் காய்ந்த மரத்தைக் கொள்வது பாதி வேலை. காய்ந்த மரமும் அசைவதற்கு இடம் விடுவது மறுபாதி.

வேண்டிய மரமும் கருவிகளும்

இம்மேசை மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், பதினாறு அங்குல உயரம் உடையது. தரையில் அமர்ந்து எழுதும் பிள்ளைகளுக்காயின் உயரம் பதினோரு அங்குலம் போதும்.

மேற்பலகை: 36 அங்குல நீளம், 9 அங்குல அகலம், ஒன்றேகால் அங்குலக் கனம், இரண்டு.
குறுக்குச் சட்டம்: 17 அங்குல நீளம், மூன்றரை அங்குல அகலம், 2 அங்குலக் கனம், இரண்டு.
கால்: இரண்டரை அங்குலக் குறுக்களவுள்ள நேரான உருண்டைக் கிளை, 17 அங்குல நீளம், நான்கு.
திருகாணி: இரண்டரை அங்குலம், பன்னிரண்டு. அவற்றிற்கேற்ற வட்டத் தகடு, பன்னிரண்டு.

கருவிகள்: கைவாள், இழைப்புளி, முக்கால் அங்குல உளி, கொட்டாப்புளி, மூலைமட்டம், ஒன்றேகால் அங்குலத் துரப்பணம், சிறு துரப்பணம், திருப்புளி, உப்புத்தாள். ஒவ்வொருவரும் இவற்றை விலைக்கு வாங்கவேண்டுவதில்லை.

செய்முறை

1. கால்களை முன்னதாகவே தயார் செய்க. கிளையின் பட்டையை முழுவதும் உரிக்கவேண்டும்; பட்டைக்கடியிலேதான் வண்டு தங்கும். பலகையோடு கூடவே கால்களையும் உலர்த்துக. உலரும்போது மேற்புறத்தில் தோன்றும் மெல்லிய வெடிப்புகளால் கெடுதியில்லை. கணுவும் வளைவும் சிறிதளவு இருந்தால் அதுவும் மேசைக்கு அழகே.

2. உலர்ந்த காலின் ஒரு முனையில், இரண்டரை அங்குல நீளத்திற்கு, ஒன்றேகால் அங்குலக் குறுக்களவுள்ள உருண்டை முளையைச் செதுக்குக. ஒரு வீண் மரத்துண்டில் துரப்பணத்தால் துளையிட்டு, முளை அத்துளையில் இறுகச் செல்கிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொள்ளவேண்டும். பின்பு முளைகளை அடுப்பருகே அனலில் மூன்று நாள் வைக்கவும், தீப்படாமற் பார்த்துக்கொள்க. முளை சட்டத்தைவிட அதிகமாக உலர்ந்திருந்தால், பொருத்தியபின் அது காற்றின் ஈரத்தை ஏற்றுச் சிறிது பருத்துத் துளையை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஈரக்காலை உலர்ந்த துளையிற் பொருத்தினால் நேர்மாறாகச் சுருங்கி ஆடத்தொடங்கும். ஆடுங்காலுக்கு ஆணி அடிப்பது நோயை மறைப்பதேயன்றித் தீர்ப்பதன்று.

3. பலகைகளின் ஒரு முகத்தை இழைத்து மட்டமாக்குக. இரண்டு நேரான சட்டங்களைப் பலகையின் இரு முனைகளிலும் குறுக்காக வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் இரண்டின் மேல்விளிம்பும் ஒரே கோடாகத் தெரியவேண்டும். தெரியாவிடில் பலகை முறுக்கேறியுள்ளது. உயர்ந்த மூலையை இழைத்துக் குறைக்கவேண்டும். இரு பலகைகளும் சேரும் உள்விளிம்பு மட்டும் நூல்பிடித்தாற்போல் நேராயிருக்கட்டும். வெளிவிளிம்பை, வெளிறிய பாகத்தை நீக்கியபின், மரம் வளர்ந்த வளைவிலேயே விட்டுவிடலாம்.

4. குறுக்குச் சட்டத்தின் இரு முனைகளிலிருந்தும் இரண்டரை அங்குலம் தள்ளி, கால்களுக்குத் துளையிடுக. கால்கள் ஓரடி உயரத்திற்கு இரண்டங்குலம் வெளிப்புறம் சாய்ந்திருக்கவேண்டும்; மேசையின் மூலையை நோக்கி அச்சாய்வு அமையட்டும். ஓரடி உயரமும் இரண்டங்குல அடியும் உள்ள முக்கோணமாகத் தடித்த அட்டையை வெட்டித் துரப்பணத்தின் பக்கத்தில் நிறுத்திக்கொண்டால் நான்கு துளைகளும் ஒரே சாய்வாக அமையும். துளை மறுபுறம் வெளிப்படும்போது மரம் பிய்யாதிருக்க, அடியில் ஒரு வீண்பலகையை வைத்துக்கொள்க.

5. முளையின் தலையில் வாளால் ஒன்றரை அங்குல ஆழத்திற்கு ஒரு பிளவு இடுக. காலைத் துளையில் அடித்து இறக்கும்போது அப்பிளவு சட்டத்தின் நீளத்திற்குக் குறுக்காக நிற்கவேண்டும். இதில் தவறலாகாது. அப்பிளவில் கெட்டியான மரத்தாற் செய்த ஆப்பைப் பசை தடவி அடிக்கும்போது, ஆப்பு சட்டத்தை நீளப்போக்கில் தள்ளும். அதனைச் சட்டம் தாங்கும். பிளவு நீளத்தோடு ஒத்து நின்றால் ஆப்பு சட்டத்தையே இரண்டாகப் பிளந்துவிடும். பசை உலர்ந்தபின், மேலே நீண்டுள்ள முளையையும் ஆப்பையும் சட்டத்தோடு மட்டமாக அறுத்துவிடுக.

6. சட்டத்தில் திருகாணித் துளைகள் ஒவ்வொரு முனையிலிருந்தும் ஓரங்குலம், நாலரை அங்குலம், ஏழரை அங்குலம் ஆகிய இடங்களில் அமையட்டும். ஒரு பலகைக்கு மூன்று துளைகள் ஆயின. மூன்றில் நடுத்துளை வட்டமாகவே இருக்கட்டும். மற்ற இரண்டையும் சட்டத்தின் நீளப்போக்கில் இரண்டு நூல் நீளமுள்ளனவாக உளியால் நீட்டிவிடுக. ஆணித்தலை அரை அங்குலம் உள்ளடங்கும்படி அடிப்புறத்தில் அகலமாகத் தோண்டவேண்டும்.

7. பலகைகளைக் கவிழ்த்து வைத்து, முனைகளிலிருந்து ஐந்தங்குலம் உள்ளே சட்டங்களைக் குறுக்காகப் பதித்து, வட்டத் தகட்டோடு திருகாணிகளை முடுக்குக. நடு ஆணியை இறுக முடுக்கலாம். மற்றவற்றை இறுக்கிய பின் கால் திருகு தளர்த்திவிடவேண்டும். இதனால் பலகை நடுவிற் பிடிக்கப்பட்டு, இரு பக்கமும் விரிந்து சுருங்க வழி பெறும். இரு பலகைகளுக்கும் நடுவே, கோடையிற் செய்தால் ஒரு நூலுக்குச் சற்று அதிகமாகவும், மழைக்காலத்திற் செய்தால் தடித்த காகித அளவாகவும் இடைவெளி விடுக. அவ்விடைவெளியைப் பசையாலோ மெழுகாலோ அடைத்துவிடாதீர்கள்.

8. மேசையை நிமிர்த்தி மட்டமான தரையில் நிறுத்தி, ஆடும் காலின்கீழ்ச் சிறு ஆப்புகளை வைத்து, பலகையின் நான்கு மூலைகளும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கும்படி செய்க. பின்பு தரையில் ஒரு மரத்துண்டை வைத்து, அதன்மேற் கிடத்திய பென்சிலால் நான்கு கால்களையும் சுற்றிக் கோடிட்டு அறுத்தால், மேசை ஆடாமல் நிற்கும். மேசையின் மொத்த உயரம் பதினாறு அங்குலம் வருமாறு அத்துண்டின் கனத்தைத் தேர்ந்துகொள்ளவேண்டும். கால்களின் அடி விளிம்பைச் சிறிது சாய்வாகச் சீவிவிடுக. இழுக்கும்போது சிம்பு பெயராது.

எண்ணெயிடுதல்

உப்புத்தாளால் நாரின் போக்கிலே தேய்த்துத் தூளைத் துடைத்தபின், ஆளிவிதை எண்ணெயைத் துணியால் மெல்லியதாகப் பூசுக. அரைமணி கழித்து, உறிஞ்சாமல் நிற்கும் எண்ணெயைத் துடைத்துவிடவேண்டும். சில நாட்கள் இடைவிட்டு மூன்றுமுறை இவ்வாறு செய்து, முடிவில் தேன்மெழுகு தேய்க்கலாம். மேற்புறத்திற்குப் பூசிய அளவே அடிப்புறத்திற்கும் பூசவேண்டும். ஒரு புறம் மட்டும் பூசினால் மறுபுறம் ஈரத்தை அதிகமாக ஏற்றுப் பலகை வளையும்.

தேங்காயெண்ணெயும் விளக்கெண்ணெயும் இதற்கு உதவா. அவை காற்றில் உலராமல் பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும். சாராயத்திற் கரைத்த அரக்கு மெருகு பார்வைக்கு நன்று; ஆயின் சூடான தம்ளரை வைத்தால் வெண்மையான வளையம் விழும்.

மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறியலாகாது. அவ்வெண்ணெய் உலரும்போது சூடு உண்டாகிறது. சுருண்ட துணியில் அச்சூடு தங்கித் தானே தீப்பற்றக்கூடும். துணியை விரித்து வெளியிற் காயவைக்கவேண்டும், அல்லது தண்ணீரில் முழுக்கி வைக்கவேண்டும். வைக்கோற்போரும் கூரையும் அருகிலுள்ள நம் வீடுகளில் இதனை மறக்கலாகாது.

மண் தரையில் வைப்பவர் கால்களின்கீழ்த் தட்டைக்கற்களை இட்டால் ஈரமும் கரையானும் எளிதில் ஏறா.

சங்கம் செய்யக்கூடியது

ஒரு குடும்பம் தனியே ஒரு மரத்தை அறுவை ஆலைக்கு அனுப்பினால் வண்டிக்கூலி பாரமாகும். ஐந்து குடும்பத்தார் சேர்ந்தனுப்பினால் அது ஐந்தில் ஒரு பங்காகும். உலர்த்துவதற்கு ஒரே தாழ்வாரம் போதும். ஒவ்வொருவர் பலகையிலும் அடையாளமிட்டுப் பதிவேட்டிற் குறித்துக்கொண்டால் பிணக்கில்லை. மேற்சொன்ன கருவிகளில் ஒரு தொகுதியைச் சங்கம் வாங்கி, சிறு வாடகைக்கு முறைவைத்துக் கொடுக்கலாம். ஊர்த் தச்சரை ஒரு நாள் அழைத்து, இழைப்புளி தீட்டும் விதத்தை இளைஞர்களுக்குக் காட்டச் சொன்னால், அவருக்கும் உரிய கூலி கிடைக்கும். ஊரில் தொழிலும் நிலைக்கும். இம்மேசையைத் தாமே செய்யக் கற்றவர், கதவும் நிலையும் செய்யும் தச்சரின் கூலியைக் குறைவாக மதிக்கமாட்டார்.

எல்லாவற்றினும் மேலாக, அடுத்த புயலுக்கு மறுநாள் விறகு வண்டி வரும்போது, தோப்புக்குரியவர் தனியே நின்று விலை பேசும்படி சங்கம் விட்டுவிடலாகாது. இரண்டு அங்கத்தினர் கயிறும் முழக்கோலும் எடுத்துச்சென்று, அவரோடு நின்று, சுற்றளவெடுத்துக் கன அடி கணக்கிட்டு, பலகைக்குரிய மரம் இது, விறகுக்குரியது இது என்று பிரித்துக் கொடுப்பார்களாயின், அவ்வொரு நாள் உதவி அக்குடும்பத்திற்குப் பெரிதாகும். அன்று பிரித்து வைத்த மரம், ஒரு வருஷம் நிழலில் காத்திருந்து, அவர் வீட்டுக் கூடத்திலேயே மேசையாக நிற்கும். அவர் தந்தையார் நட்ட மரம் வீட்டைவிட்டுப் போயிராது.

கூட்டத்தில் ஆராய்வதற்குரிய கேள்விகள்

1. சுற்றளவு ஆறடி, நீளம் எட்டடி உள்ள மரம் வியாபாரிகள் கணக்கில் எத்தனை கன அடி? (விடை: 18.)
2. பலகையைச் சுவரிற் சாய்த்து உலர்த்தினால் விளையும் கெடுதி யாது?
3. திருகாணித் துளைகளில் சிலவற்றை நீட்டிவிடுவது ஏன்?
4. முளையிலுள்ள பிளவு சட்டத்தின் நீளத்திற்கு எத்திசையில் நிற்கவேண்டும்? மாறினால் என்னாகும்?
5. நம் ஊரில் இவ்வருஷம் வெட்டவோ விழவோ நேர்ந்த மரங்கள் எவை? அவற்றில் இப்போதும் அறுத்து அடுக்கத் தகுந்தவை எவை?